சோனிக் அட்வென்ச்சர் 2: முட்டை முதல் பந்தயம் வரை சாவோ வளர்ப்பு – முழுமையான வழிகாட்டி

தலைக்கு மேல் மிதக்கும் ஒரு சிறு உருண்டை, முதுகில் குட்டிச் சிறகு, நீர்த்துளி போன்ற உடம்பு. அதுதான் சாவோ, இந்த வீடியோ விளையாட்டில் தோட்டத்தில் வைத்து நீங்கள் வளர்க்கும் செல்லப்பிராணி. (உச்சரிப்புக்கு நெருக்கமாக ‘சாவ்’ என்று எழுதலாம்தான். ஆனால் தமிழில் அது இழவுவீட்டு வார்த்தையாகிவிடும். ‘சாவோ’ என்றே வைத்துக்கொள்வோம்.)

இந்த விளையாட்டில் மொத்தம் 180 எம்ப்ளம்கள் (சாதனைக்குக் கிடைக்கும் சின்னங்கள்). எல்லா ஸ்டேஜிலும் ஏ ரேங்க் வாங்கினாலும், சாவோ பந்தயங்களைத் தொடாமல் அந்த 180 நிறையாது. 180 நிறைந்தால்தான் கிரீன் ஹில் ஸ்டேஜ் திறக்கும். ஆகவே நன்றாக வளர்த்த ஒரு சாவோ வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் கிடைத்ததையெல்லாம் கிடைத்த வரிசையில் சாவோவிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கூடு கட்டி வெளியே வரும் உருவத்தைப் பார்த்துத் தலையில் கைவைக்கிறார்கள். முதல் கூட்டுக்கு முன்னால் செய்ததுதான் சாவோவின் அந்த ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே படிகளின் வரிசை முக்கியம்.

1. தொடங்கும் முன் முடிவுசெய்ய வேண்டியவை

கீழே சொல்வது இந்த விளையாட்டின் ‘பேட்டில்’ என்ற பதிப்பை வைத்து. 2012-இல் கணினிக்கு வந்த பதிப்பிலும் தோட்டம் இதே முறையில்தான் இயங்குகிறது.

முட்டையைத் தொடும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருங்கள். உங்கள் சாவோ ஹீரோ (நல்லவர்) பக்கமா, டார்க் (தீயவர்) பக்கமா, நடுநிலையா? நீச்சல், பறத்தல், ஓட்டம், வலிமை ஆகிய நான்கில் எது அதன் முதன்மைத் திறன்? வளர்ந்த பிறகு இவற்றை முடிவுசெய்ய முடியாது.

முதல் சாவோவுக்கு ஹீரோ பக்கமும் ஓட்டமும் நல்ல தேர்வு. ஹீரோ சாவோ உருவானால் ஹீரோ தோட்டமும் திறக்கும். ஓட்டமோ எல்லாப் பந்தயத்திலும் ஏதோ ஓர் இடத்தில் உதவும்.

தோட்டத்தில் செலவிடப் பொறுமையான சில மணி நேரமும் வேண்டும். நீங்கள் தோட்டத்துக்குள் இருக்கும்போதுதான் சாவோவுக்கு வயது ஏறும். ஒரு மாதம் விளையாட்டைத் திறக்காமல் விட்டாலும் அது பசியில் வாடாது, வளரவும் செய்யாது.

2. சாவியை எடுத்துத் தோட்டத்துக்குள் போதல்

பெரும்பாலான ஸ்டேஜ்களில் சாவோ முகம் போட்ட பெட்டிகள் மூன்று இருக்கும். அவற்றிலிருந்து சாவோ சாவி கிடைக்கும். சாவியோடு ஸ்டேஜை முடித்தால் நேரே சாவோ உலகத்தின் முகப்புக்குப் போவீர்கள்.

எந்தக் கதாபாத்திரமாக ஸ்டேஜை ஆடினீர்களோ, அதே கதாபாத்திரமாகத்தான் தோட்டத்தில் நிற்பீர்கள். இது வெறும் தோற்றக் கணக்கு இல்லை. 6-ஆம் படியில் இதுவே எல்லாம். ஹீரோ சாவோ வேண்டுமானால் சோனிக், டெயில்ஸ், நக்கிள்ஸ் மூவரில் ஒருவரின் ஸ்டேஜிலிருந்து உள்ளே போங்கள்.

சாவியைத் தேடும் அவசரத்தில் வழியிலுள்ள ரோபோக்களை விட்டுவிட்டு ஓடாதீர்கள். உடைபடும் ரோபோக்களிலிருந்துதான் கேயாஸ் டிரைவ்கள், அதாவது சாவோவின் திறனை ஏற்றும் நிறப் பொருள்கள், விழும். வெறுங்கையோடு தோட்டத்துக்குப் போனால் தடவிக்கொடுக்கலாம், ஊட்டலாம். திறனை ஏற்ற முடியாது.

3. முட்டையைப் பொரிக்க வைத்தல்

முதல் தடவை போகும்போது தோட்டத்தில் இரண்டு முட்டைகள் இருக்கும். பொரிக்க மூன்று வழிகள்: அப்படியே விட்டுவிடலாம், தூக்கித் தாலாட்டலாம், எறிந்து உடைக்கலாம்.

எறிந்தால் உடனே பொரியும். ஆனால் வெளியே வரும் குஞ்சு உங்களைப் பிடிக்காமலேயே பிறக்கும். அந்த மனக்கசப்பைப் பிறகு தடவித் தடவிப் போக்க வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த நேரத்தைவிட அதற்கு ஆகும் நேரம் அதிகம்.

முட்டையைத் தூக்கிக்கொண்டு நகராமல் நில்லுங்கள். கதாபாத்திரம் தானாகவே தாலாட்டும். சற்று நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்ததும் ஒருமுறை தடவிக்கொடுங்கள்.

இரண்டு முட்டையையும் ஒரே நேரத்தில் பொரிக்க வேண்டாம். கையில் இருக்கும் டிரைவ்களை இரண்டு குஞ்சுகளுக்குப் பங்குபோட்டால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். மற்றது தானாகப் பொரிந்துவிட்டால் அதற்கு உணவு மட்டும் கொடுத்துவாருங்கள்.

4. தூக்குவது, இறக்குவது, தடவுவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் படி இது. சாவோவைத் தூக்கிய பிறகு, அசையாமல் நின்று பட்டனை அழுத்தினால் மெதுவாகக் கீழே வைப்பீர்கள். நகர்ந்துகொண்டே அழுத்தினால் தூக்கி எறிவீர்கள். பட்டன் ஒன்றுதான், வித்தியாசம் உங்கள் காலில் இருக்கிறது. குச்சியிலிருந்து விரலை முழுதாக எடுங்கள், கதாபாத்திரம் நின்றதா என்று பாருங்கள், பிறகு அழுத்துங்கள்.

சாவோவுக்குப் பக்கத்தில் குதித்துத் தாக்குவது, சுழல்வது இரண்டும் வேண்டாம். ஸ்டேஜில் கைக்குப் பழகிய பட்டன் இங்கே தெரியாமல் அழுந்திவிடும். அடி சாவோவின் மேல் விழும்.

குஞ்சைக் குளத்தில் விடாதீர்கள். நீச்சல் லெவல் குறைவாக இருக்கும்போது அது நீந்தாது, கைகால் உதறித் தத்தளிக்கும். தண்ணீரில் விட்டால் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. திறன் டிரைவ்களால் ஏறும், தத்தளிப்பதால் அல்ல.

நிலைமை எப்படி என்று தலைமேல் இருக்கும் உருண்டையே சொல்லிவிடும். இதய வடிவம் வந்தால் மகிழ்ச்சி. கேள்விக்குறி வந்தால் எதையோ கவனிக்கிறது. சுருள் வடிவம் வந்தால் நீங்கள் செய்தது அதற்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வருகையிலும் முதலில் தடவுங்கள், இதயம் வரும் வரை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த மகிழ்ச்சிக்கு எந்தத் திரையிலும் எண் கிடையாது. ஆனால் ஆயுளின் முடிவில் சாவோ திரும்பி வருமா வராதா என்பதை இதுதான் தீர்மானிக்கும் (11-ஆம் படி).

5. உணவு

தோட்டத்து மரத்தைப் பிடித்து உலுக்கினால் பழம் விழும். பழத்தைத் தூக்கிச் சாவோவின் முன்னால் நின்று கொடுங்கள். பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாலும் பசித்தால் தானே எடுத்துத் தின்னும்.

பசி தீர்ப்பதோடு ஸ்டாமினா (களைக்காமல் தாக்குப்பிடிக்கும் சக்தி) ஏறுவதும் உணவால்தான். நான்கு நிற டிரைவ்களில் ஸ்டாமினாவுக்கென்று ஒன்றும் கிடையாது. ஓட்டத்தை மட்டும் ஏற்றிவிட்டு ஊட்டாமல் விட்டவர்களின் சாவோ பந்தயத்தில் பாதி வழி வரை முன்னால் ஓடும், பிறகு மூச்சு வாங்கும். டிரைவ் கொடுக்கும் ஒவ்வொரு வருகையிலும் சாவோ தின்கிற வரை ஊட்டுங்கள். போதும் என்றானால் அதுவே வாங்காது.

சாவோ உலகத்தின் கிண்டர்கார்டனுக்குள் இருக்கும் பிளாக் மார்க்கெட் என்ற கடையில் ஸ்டேஜ்களில் சேர்த்த மோதிரங்களைக் கொடுத்துப் பழம் வாங்கலாம். அங்கே என்னென்ன விற்பனைக்கு வரும் என்பது உங்களிடம் இருக்கும் எம்ப்ளம் எண்ணிக்கையைப் பொறுத்தது. தொடக்கத்தில் கடை காலியாகத் தெரிந்தால் பழுது ஒன்றுமில்லை. முதல் சாவோவுக்கு மரத்துப் பழமே தாராளம்.

6. பக்கத்தை உறுதிசெய்தல்: ஹீரோவா, டார்க்கா

சோனிக், டெயில்ஸ், நக்கிள்ஸ் வளர்த்தால் ஹீரோ பக்கம். ஷேடோ, எக்மேன், ரூஜ் வளர்த்தால் டார்க் பக்கம். யார் தடவுகிறார், யார் கொடுக்கிறார் என்பதே கணக்கு. இரு தரப்பையும் மாறி மாறிக் கொண்டுவந்தால் நடுநிலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கதையின் இரண்டு பக்கங்களையும் கலந்து ஆடுபவர் நேற்று சோனிக்காக வந்திருப்பார், இன்று ரூஜாக வருவார். இரண்டு பேரும் அன்பாகத்தான் தடவுவார்கள். கடைசியில் ஹீரோவும் இல்லாமல் டார்க்கும் இல்லாமல் நடுநிலைச் சாவோ பிறந்து நிற்கும், ஹீரோ தோட்டத்தின் கதவு திறக்காது. முதல் சாவோ கூட்டிலிருந்து வெளியே வரும் வரை ஒரே தரப்பில் ஆடுங்கள். வேறு வழியில்லாமல் மறுதரப்பில் உள்ளே வந்துவிட்டால் அந்தச் சாவோவைத் தொடாமல் வெளியேறுங்கள்.

நிறத்தைக் கவனித்துவந்தால் முன்னேற்றம் தெரியும். ஹீரோ பக்கம் போகும் குஞ்சு வெளுத்துக்கொண்டே வரும், டார்க் பக்கம் போவது கறுத்துக்கொண்டே வரும். மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். பிளாக் மார்க்கெட்டில் ஹீரோ பழமோ டார்க் பழமோ வந்தால் அந்தந்தப் பக்கம் வேகமாகத் தள்ளும்.

7. கேயாஸ் டிரைவ் கொடுத்தல்

நான்கு நிறங்கள், நான்கு திறன்கள். மஞ்சள் நீச்சல், ஊதா பறத்தல், பச்சை ஓட்டம், சிவப்பு வலிமை. டிரைவைத் தூக்கிச் சாவோவிடம் கொடுத்தால் அந்தத் திறனின் பட்டை நிறையும். பட்டை முழுதானால் ஒரு லெவல். உச்சம் 99.

லெவல் வேறு, கிரேடு வேறு. திறனுக்குப் பக்கத்தில் ஈ, டி, சி, பி, ஏ, எஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். ஈ கடைசி, எஸ் முதல். பட்டை நிறைய ஆகும் டிரைவ் எல்லாக் கிரேடுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகள் கிரேடு உயர உயரக் கூடும். அதனால் ஒரே லெவலில் இருக்கும் இரண்டு சாவோக்களில் ஒன்று மற்றதை எளிதில் முந்தும். பந்தயத்தில் புள்ளிகள்தான் ஓடுகின்றன.

அடுத்து, யாரும் திரையில் சொல்லாத ஒரு கணக்கு. சாவோவுக்குள் இரண்டு தராசுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீச்சலும் பறத்தலும் எதிரெதிர்த் தட்டுகள். மற்றொன்றில் ஓட்டமும் வலிமையும். பச்சை கொடுத்தால் தட்டு ஓட்டத்தின் பக்கம் சாயும். சிவப்பு கொடுத்தால் வலிமைப் பக்கம் திரும்பும். கூடு கட்டும் நேரத்தில் எந்தத் தட்டு அதிகம் சாய்ந்திருக்கிறதோ அந்த வகையாகச் சாவோ மாறும். எதுவும் சாயாவிட்டால் சாதா வகை.

ஓட்டச் சாவோ வேண்டும் என்பவர் கையில் வந்த சிவப்பையும் விடாமல் கொடுத்தால் பச்சையின் வேலையை அவரே அழிக்கிறார். வலிமை லெவல் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால் நல்லது செய்வதாகவே தோன்றும். கூட்டுக்கு முன்பு பச்சை மட்டும் கொடுங்கள். மஞ்சளோ ஊதாவோ சிறிது போனால் பெரிய நட்டமில்லை, அவை வேறு தராசு. சிவப்பைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். மனம் கேட்காவிட்டால் இரண்டாவது சாவோவுக்குக் கொடுங்கள்.

டிரைவ் சேர்க்க ரோபோ நெரிசல் உள்ள ஸ்டேஜ்கள் வசதி. ஹீரோ பக்கத்தில் டெயில்ஸின் பிரிசன் லேன், டார்க் பக்கத்தில் எக்மேனின் அயர்ன் கேட். இரண்டிலும் குறிவைத்துச் சுடும் ஆயுதம் கையில் இருப்பதால் கும்பல் கும்பலாக உடைக்கலாம்.

8. விலங்குகள்: அளவோடு

சாவோ பெட்டிகளிலிருந்தும், ஸ்டேஜில் உள்ள குழாய்களின் முன்னால் விசில் அடித்தும், மேலும் பல மறைவிடங்களிலிருந்தும் குட்டி விலங்குகள் கிடைக்கும். மொத்தம் 21 வகை. பெங்குவின், சீல், நீர்நாய் நீச்சலுக்கு; முயல், சிறுத்தை, காட்டுப்பன்றி ஓட்டத்துக்கு; கரடி, புலி, கொரில்லா வலிமைக்கு; மயில், கிளி, கழுகு பறத்தலுக்கு. டிராகன், யூனிகார்ன், ஃபீனிக்ஸ் போன்றவை அரிது.

டிரைவ் சாவோவின் மேல் எதையும் ஒட்டாது. விலங்கு ஒட்டும்: காது, வால், கை என்று தன் உறுப்பொன்றைச் சாவோவின் மேல் ஒட்டிவிட்டுப் போகும். முயல் காதோடு கொரில்லா கையும் மயில் தோகையுமாகத் திரியும் சாவோக்கள் இப்படித்தான் உருவாகின்றன. அது பிடித்திருந்தால் சரி. சாவோவின் சொந்த உருவம்தான் அழகு என்று நினைப்பவர்கள் டிரைவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விலங்குகளும் தராசைச் சாய்க்கும். ஓட்டச் சாவோவுக்குக் கரடி கொடுப்பதும் சிவப்பு கொடுப்பதும் ஒன்றுதான்.

9. கூடு

போதிய நேரம் தோட்டத்தில் கழிந்ததும், ஒருநாள் சாவோ அமர்ந்துவிடும். அதைச் சுற்றி வெளிர் நிறக் கூடு எழும்பும். அதன்பின் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் காத்திருங்கள்.

வெளியே வருவது வளர்ந்த சாவோ. ஹீரோவாக இருந்தால் தலைமேல் உருண்டைக்குப் பதில் ஒளிவளையம். டார்க்காக இருந்தால் முள் உருண்டை. எந்த வகையாக மாறியதோ அந்தத் திறனின் கிரேடு ஒரு படி ஏறும். ஓட்டம் சியில் இருந்தால் பி ஆகும். சாதா வகையாக மாறினால் ஸ்டாமினாவின் கிரேடு ஏறும். தராசைப் பற்றி இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இந்த ஒரு படிதான். இனி கொடுக்கும் ஒவ்வொரு பச்சை டிரைவுக்கும் இதன் பலன் சேர்ந்துகொண்டே போகும்.

குஞ்சுப் பருவத்தில் விட்ட சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாவற்றையும் இப்போது கொடுக்கலாம். கிரேடு இறங்காது. ஆனால் வளர்ந்த பிறகும் உருவம் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். நீங்கள் தொடர்ந்து கொடுக்கும் திறனுக்கு ஏற்ப உடல் நீளும், தடிக்கும்.

முகப்புக்குப் போய்ப் பாருங்கள். ஹீரோ சாவோ வந்திருந்தால் ஹீரோ தோட்டத்துக்கு வழி திறந்திருக்கும். சாவோவைக் கையில் தூக்கிக்கொண்டே அங்கே போகலாம். ஒரு தோட்டத்தில் 8 சாவோ வரை இருக்க இடம் உண்டு.

வெளியேறும்போது கவனம்: தோட்டத்தின் வாசல் வழியாக முறைப்படி வெளியே வந்து, சாவோ உலகத்தையும் விட்டு விலகிய பிறகே விளையாட்டை மூடுங்கள். உள்ளே நின்றபடி ஜன்னலை மூடிவிட்டால் அன்றைய வளர்ப்பு பதிவாகாமல் போகும்.

10. பந்தயம்

தொடக்கநிலைப் பந்தயத்தில் நான்கு களங்கள், ஒவ்வொன்றும் ஒரு திறனுக்குச் சாதகம். கிராப் பூல் நீச்சலுக்கு, ஸ்டம்ப் வேலி பறத்தலுக்கு, மஷ்ரூம் ஃபாரஸ்ட் ஓட்டத்துக்கு, பிளாக் கேன்யன் வலிமைக்கு. உங்கள் ஓட்டச் சாவோவை முதலில் மஷ்ரூம் ஃபாரஸ்டில் இறக்குங்கள்.

நீச்சலை அடியோடு புறக்கணித்த ஓட்டச் சாவோ தண்ணீரில்தான் மாட்டும். மேட்டிலிருந்து பறந்து இறங்க வேண்டிய இடத்தில் சிறகு போதாமல் தண்ணீரில் விழுந்தால், மிச்சத்தை நீந்தியே கடக்க வேண்டும். அங்கேயே எல்லோரும் முந்திப் போய்விடுவார்கள். ஆகவே கூட்டுக்குப் பிறகு முதலில் மஞ்சள், அதன்பின் மற்றவை.

தடுக்கி விழுவது, புதிர் இருக்கும் இடத்தில் விழித்துக்கொண்டு நிற்பது ஆகியவற்றுக்குக் காரணம் திரையில் காட்டாத இரண்டு குணங்கள்: அதிர்ஷ்டம், அறிவு. ஒரு தோல்வியை வைத்துச் சாவோவை எடைபோடாதீர்கள். மூன்று முறை ஓடவிட்டு, தோற்றது ஒரே இடத்தில்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த இடம் கேட்கும் திறன் குறைவு. இடம் மாறி மாறித் தோற்றால் மறுபடி ஓடவிடுங்கள், போதும்.

அடுத்து வரும் ஜுவல் பந்தயங்கள் படிப்படியாகக் கடினமாகும். அங்கே ஒரே திறன் கைகொடுக்காது.

11. ஆயுள் முடிவும் மறுபிறவியும்

ஆயுள் முடியும்போது சாவோ மறுபடி கூடு கட்டும். இளஞ்சிவப்புக் கூடு என்றால் முட்டையாகத் திரும்பி வரும். சாம்பல் கூடு என்றால் போனது போனதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் 4-ஆம் படியில் சொன்ன மகிழ்ச்சி மட்டுமே. வயதாகிவிட்டது என்று தெரிந்த பிறகு தடவத் தொடங்கினால் பல நேரம் போதாது.

மறுபிறவியில் லெவல்கள் 1-க்கு இறங்கும். புள்ளிகளில் பத்தில் ஒரு பங்குதான் கூட வரும். இதைப் பார்த்து மனம் உடைபவர்கள் உண்டு. ஆனால் கிரேடு இறங்குவதில்லை. அடுத்த கூட்டில் இன்னொரு படி ஏறவும் செய்யும். முதல் பிறவியில் ஓட்டத்தை உயர்த்தியிருந்தால் இரண்டாவதில் நீச்சலைத் தேர்ந்தெடுங்கள்: கூட்டுக்கு முன் மஞ்சள் மட்டும், ஊதா கூடாது, பச்சையும் குறைவாக. அரிதான கேயாஸ் சாவோவுக்கு ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு மறுபிறவிகள் கட்டாயம். அதற்குப் பிறகு சாயாத தராசும் விலங்குகளின் முழுத் தொகுப்பும் வேண்டும். முதல் சாவோவிலேயே அந்த வழியில் இறங்க வேண்டாம்.